டோக்கன் கொடுத்த பிறகு அது நம் வண்டி

திருப்பாப்புலியூர், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்கவே மனசு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் போகாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவள் வீடு திரும்பும் வரை உன் தங்கச்சி வாசலைவிட்டு நகர்வதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அப்பா விட்டுப்போன இரண்டு கிரவுண்டு மனையைக் கார் பார்க்கிங் ஆக்கலாமா, சனி ஞாயிறில் சென்னைக் கார்கள் அந்த வழியாகத்தானே வந்து குவிகின்றன என்று எழுதியிருந்தாய். “இருபது வருஷமாக ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் பைக் ஸ்டாண்டு நடத்துகிறவன் நீ, நாலு வரி எழுது” என்றாய். நாலு வரியில் அடங்காது சேகர். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் இப்போது சொல்லியாக வேண்டும்.

ஓர் ஆவணி மாத முகூர்த்த நாள். திருவந்திபுரத்தில் அன்றைக்குக் கல்யாணக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நம் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் வேட்டி சட்டையில் ஒருத்தர் வந்து, “தம்பி, டோக்கனைத் தொலைச்சிட்டேன், வீட்டுல ஒரு சாவு, உடனே போகணும்” என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். வண்டியையும் சரியாகக் காட்டியிருக்கிறார், சாவியும் அதிலேயே இருந்திருக்கிறது. கல்லாவில் இருந்த பையன் இரக்கப்பட்டு விட்டுவிட்டான். நான் அப்போது டீ குடிக்கப் போயிருந்தேன்.

ராத்திரி விழுப்புரம் பாசஞ்சரில் இறங்கி ஓர் இளைஞன் வந்தான். டோக்கனை நீட்டினான். 47-ஆம் நம்பர். அவன் கையில் டோக்கன் இருந்தது, அந்த இடத்தில் வண்டி இல்லை. தரையில் இரண்டு சொட்டு ஆயில் மட்டும் இருந்தது. காலையில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சாவியைப் பைக்கிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அதைக் கவனித்த எவனோதான் அந்த வேட்டி சட்டைக்காரன். வண்டியைப் பறிகொடுத்த அவன் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து, “இன்னும் பதினொரு தவணை இருக்குங்க” என்றான். எனக்குப் பின்னால், “வாகனங்கள் திருட்டுப் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல” என்று பெரிதாக எழுதிய போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். இன்சூரன்சில் இரண்டு சாவியும் வேண்டும் என்றார்கள். ஒன்று வண்டியோடு போய்விட்டதே! அவன் அலைந்த அலைச்சலைப் பார்க்க முடியாமல் மிச்சத் தவணையை நானே கட்டினேன். உன் தங்கச்சி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் போர்டை இறக்கினேன்.

நான் செய்தது சரி என்பது சட்டத்திலும் இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. டெல்லியில் தாஜ் மகால் ஓட்டலுக்கு 1998-இல் ஒருவர் ராத்திரியில் காரில் போயிருக்கிறார். சாவியை ஓட்டல் ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால், வேறு யாரோ காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சீட்டிலேயே ‘உங்கள் பொறுப்பில்தான் நிறுத்துகிறீர்கள்’ என்று அச்சடித்திருக்கிறோமே என்று ஓட்டல் வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வண்டியை உன் வசம் வாங்கிக்கொண்ட பிறகு, நீ ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாய் என்று நீதான் காட்ட வேண்டும், உன் கவனக்குறைவை அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒளிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடிப்படை 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான். அதன் 151-ஆவது பிரிவு, பிறர் ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. வக்கீலாக இருக்கும் ஒரு வாடிக்கையாளர் இதை எனக்குப் படித்துக் காட்டியபோது அந்த 47-ஆம் நம்பர் இளைஞன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதனால் உன் மனையைப் பற்றி நான் முதலில் கேட்பது வருமானத்தை இல்லை. எத்தனை கார் நிறுத்துவதாக இருக்கிறாய்? இருபத்தைந்து என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. ஒரு காருக்கு அகலம் இரண்டரை மீட்டர், நீளம் ஐந்து மீட்டர் வேண்டும். அடிக் கணக்கில் எட்டேகாலுக்குப் பதினாறரை. இரண்டு பக்கமும் வரிசை போட்டு நடுவில் திரும்புவதற்கு இருபது அடி விட்டால் அகலத்தில் ஐம்பத்து மூன்று அடி போய்விடும். உன் மனை முகப்பு எண்பது, ஆழம் அறுபது. அந்த ஆழத்தில் ஒரு வரிசைக்கு ஏழாகப் பதினாலு கார். மிச்சம் இருபத்தேழு அடியில் இருசக்கர வண்டிகள் விட்டுக்கொள். அவ்வளவுதான்.

பதினாலு போதாது என்று ஒன்றன் பின் ஒன்றாக அடைத்தால் இருபத்தைந்து வரும்தான். ஆனால் உள்ளே இருக்கும் காரை எடுக்க முன்னால் நிற்கும் காரை நகர்த்த வேண்டும். அதற்கு எல்லோருடைய சாவியையும் நீ வாங்கி வைக்க வேண்டும். சாவி உன் கைக்கு வந்த நிமிஷமே டெல்லி ஓட்டலின் நிலைமை உனக்கும் வந்துவிடும். அப்புறம் லைசென்ஸ் இல்லாத பையன் ஒருவன் அவசரத்துக்குக் காரை ரிவர்ஸ் எடுப்பான், பின்னால் ஒரு குழந்தை நிற்கும். வேண்டாம் சேகர். சாவி வண்டிக்காரரிடமே இருக்கட்டும். பதினாலோடு நிறுத்து. காரைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகம் வெளியே பார்க்கிற மாதிரி நிறுத்தச் சொல். கிளம்பும்போது எதிரில் யார் நடக்கிறார்கள் என்று நேராகத் தெரியும்.

இங்கே நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வண்டி உள்ளே வந்து நின்றதும் டோக்கன் எழுதுகிற பையன் சாவித் துவாரத்தைத் தொட்டுப் பார்ப்பான். சாவி இருந்தால் எடுத்து, டோக்கன் நம்பர் எழுதிய கவரில் போட்டுக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவான். அநேகமாகத் தினமும் ஒரு சாவியாவது அந்தப் பெட்டிக்கு வரும். எத்தனை அவசரத்தில் மனிதர்கள் ஓடுகிறார்கள் பார்! டோக்கன் தொலைந்தது என்று யார் வந்தாலும், எந்த அவசரம் சொன்னாலும், ஆர்.சி.யும் அடையாள அட்டையும் காட்டாமல் வண்டி நகராது. இப்போது டிஜிலாக்கர் ஆப்பில் பலருக்கும் ஆர்.சி. போனிலேயே இருக்கிறது, அதனால் அவர்களை வீட்டுக்கு விரட்ட வேண்டியதில்லை. நிஜமாகவே துக்கத்துக்குப் போகிறவரைக்கூட நிறுத்திக் கேட்க வேண்டி வரும். அது கஷ்டம்தான். நான் மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன்.

கேமரா வைக்கப் போகிறேன் என்றாய், நல்லது. உயரத்தில் வைத்தால் ஹெல்மெட்டின் உச்சிதான் தெரியும். வெளியே போகும் வாசலில் ஒன்று முகத்தின் மட்டத்திலும், ஒன்று நம்பர் பிளேட் தெரிகிற மாதிரியும் வை. பதிவாகும் பெட்டியைக் கல்லா மேஜையிலேயே வைக்காதே, திருடுகிறவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். அதில் ஓடும் தேதியும் நேரமும் சரியா என்று வாரம் ஒருமுறை பார்.

கூரை போடுவதாக இருந்தால் நன்றாக யோசி. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது எங்கள் தகரம் நாலு பறந்து போனது, மிச்சம் வண்டிகள் மேலேயே விழுந்தது. சைடு ஸ்டாண்டில் நின்ற வரிசையில் ஒன்று சாய்ந்து, அதன் மேல் அடுத்தது என்று கடைசி வண்டி வரை படுத்துவிட்டன. அன்றிலிருந்து சென்டர் ஸ்டாண்டு உள்ள வண்டியை அதில்தான் நிறுத்த வேண்டும், பத்து வண்டிக்கு ஒரு இடைவெளி. ஃபெஞ்சல் புயல் வந்த 2024 நவம்பர் 30 ராத்திரி வேறு பாடம். தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. எல்லா வண்டியும் ஹேண்டில் லாக் போட்டு நிற்கிறது, உருட்ட முடியாது. நானும் இரண்டு பையன்களும் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனோம். விடிவதற்குள் முப்பதுக்கு மேல் தூக்கியிருப்போம். தண்ணீர் புகுந்த வண்டியை எடுக்க வந்தவர்களிடம், ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள் என்று கெஞ்சினேன். தண்ணீரோடு இன்ஜினைச் சுற்றவிட்டால் உள்ளே கனெக்டிங் ராடே வளைந்துவிடும். உங்கள் ஊரில் அந்தப் புயலில் பெய்த மழை உனக்கே தெரியும். மனையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் தளம் போட வேண்டும்.

அப்புறம், அந்த மனையில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. காய்ந்த புல் மேல் ஓடி வந்த காரை நிறுத்தினால், அடியில் இருக்கும் சைலன்சர் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். முதலில் அதை அறுத்துச் செம்மண் கொட்டு. இரண்டு தீயணைப்பு சிலிண்டர், நாலு மணல் வாளி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். குழந்தை தூங்கிவிட்டது, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறோம் என்று கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டுப் போவார்கள். வெளியே 35 டிகிரி வெயில் என்றால் ஒரு மணி நேரத்தில் காருக்குள் 50-ஐத் தாண்டிவிடும். ஒரு விரல் இடைவெளி எதற்கும் உதவாது. குழந்தையின் உடம்பு நம் உடம்பைவிட வேகமாகச் சூடேறும். போன சித்திரையில் வெள்ளி கடற்கரைக்குப் போனபோது அப்படி ஒரு காரைப் பார்த்தேன். பின்சீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அழக்கூட இல்லை. கண்ணாடியைத் தட்டினேன், அசையவில்லை. கதவு பூட்டியிருக்கிறது. கல்லை எடுத்துவிட்டேன் சேகர். நல்லவேளை, அந்த நேரத்தில் அப்பாக்காரர் ஐஸ்கிரீமோடு ஓடி வந்து திறந்தார். நிழலில் படுக்கவைத்து ஈரத்துணியால் துடைத்த பிறகு குழந்தை அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. உன் இடத்தில் காரைப் பூட்டுகிறவர் யாராக இருந்தாலும் நீயோ உன் ஆளோ பின்சீட்டைக் குனிந்து பார்த்த பிறகுதான் டோக்கன் கொடுக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே தூங்கும் டிரைவர்களையும் எழுப்பிவிடு. புகை உள்ளே கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒரு கயிற்றுக் கட்டிலும் மின்விசிறியும் அவர்களுக்காகப் போட்டு வை, உனக்குப் பெரிய செலவில்லை.

வண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. வங்கியில் பணம் எடுத்து ஸ்கூட்டி டிக்கியில் வைத்துவிட்டுக் காய்கறிக் கடையில் இறங்குவார்கள். வங்கியிலிருந்தே பின்தொடர்ந்தவன் சீட்டை நெம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான். நமக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் மஞ்சக்குப்பத்தில் இப்படித்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்தை இழந்தார். காரில் லேப்டாப் பையை சீட் மேல் தெரிகிற மாதிரி விடுவதும் அதே கதைதான். உன் வாசலில் வைக்கும் போர்டில் இதை எழுது. நான் இறக்கிய போர்டு இருந்த இடத்தில் இப்போது, “சாவி எடுத்தீர்களா? டிக்கியில் பணம் உள்ளதா?” என்றுதான் எழுதியிருக்கிறேன்.

வெளிச்சத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே. கடைசி ரயிலில் வரும் நர்ஸ் பெண்கள் இரண்டு பேர் நம் ஸ்டாண்டில் வண்டி விடுகிறார்கள். அவர்கள் வண்டிக்கு வாசல் விளக்கின் கீழேதான் இடம், வேறு யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை. ரயில் தாமதமானால் அவர்கள் எடுத்துக்கொண்டு போகும் வரை நான் கடையைச் சாத்துவதில்லை. நம் வீட்டிலும் ஒருத்தி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாளே.

நகராட்சி உரிமத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று நீ நேரில் போய்க் கேட்டு வை. நம்மிடம் விட்ட வண்டி திருட்டுப் போனாலும் செல்லும்படியாகப் பொறுப்புக் காப்பீடு ஒன்றும் எடுத்துவிடு. எனக்கு அப்போது அது இருந்திருந்தால் வளையல் வீட்டிலேயே இருந்திருக்கும்.

மாசி மகம் முடியும் வரை எனக்கு இங்கே நகர முடியாது, தேவனாம்பட்டினம் போகும் கூட்டம் முழுக்க நம் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போகும். அதற்கு அடுத்த புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நூறு அடி டேப்பும் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளும் வாங்கி வை. பதினாலு கட்டத்தையும் நாமே போட்டுப் பார்ப்போம். அம்மாவுக்குப் பண்ணுருட்டியிலிருந்து முந்திரி வாங்கி வருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
ரவி