பள்ளி விட்ட பிறகு நம் பிள்ளைகள் யார் பொறுப்பில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கெடா மாநிலத்தின் பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் பகல் ஒரு மணி வாக்கில் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் ஏராளம். தாய் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருக்க, தந்தை பக்கத்துப் பினாங்கு மாநிலத்தின் பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ வேலையில் இருக்க, பள்ளி வேன் அவர்களைக் கடைவீட்டு மாடியிலோ தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியின் வீடொன்றிலோ நடக்கும் டிரான்சிட் மையத்தில், அதாவது பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பராமரிப்பு மையத்தில், இறக்கிவிட்டுச் செல்கிறது. குளியல், சாப்பாடு, வீட்டுப்பாடம், உறக்கம் எல்லாம் அங்கேதான். இந்த மையங்களை மேற்பார்வையிடுவது யார் என்று கேட்டால், ஊரில் எவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயது நிரம்பாத நான்கு குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொண்டாலே சமூக நல இலாகாவில் பதிந்தாக வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று வயது வரையுள்ள ஐவருக்கு ஒருவர், அதற்கு மேல் நான்கு வயது வரையுள்ள பத்துப் பேருக்கு ஒருவர் என்று 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் பராமரிப்பாளர் எண்ணிக்கையையும் வரையறுத்திருக்கின்றன. பாலர் பள்ளியும் டியூஷன் மையமும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சின் பொறுப்பில் வருகின்றன. இவற்றில் எதிலும் சேராத டிரான்சிட் மையத்துக்குப் பொருந்தக்கூடியது 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையங்கள் சட்டம். நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ ஏற்று, வாரத்தில் மூன்று நாளாவது, சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையே தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பராமரிக்கும் இடத்தை அச்சட்டம் பகல் பராமரிப்பு மையமாகக் கருதுகிறது. பகல் ஒரு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகும் பிள்ளைகள் இந்த வரையறைக்குள் அடங்குவார்கள் என்பதே என் வாசிப்பு.

நடப்பது வேறு. பராமரிப்பு மையங்கள் சட்டம் என்றதும் முதியோர் இல்லங்களும் ஆதரவற்றோர் இல்லங்களுமே எல்லாருடைய நினைவுக்கும் வருகின்றன; பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்கள் அது தங்களையும் கட்டுப்படுத்தும் என்று எண்ணுவதில்லை. நகராண்மைக் கழகத்தின் வணிக உரிமம் கையில் இருந்தால் போதும் என்று சிலரும், டியூஷன் என்று பலகை மாட்டினால் போதும் என்று சிலரும் இருந்துவிடுகிறார்கள்.

கடந்த ஆண்டு என் பேரனை அழைத்துவர இத்தகைய மையம் ஒன்றுக்குச் சென்றேன். கடைவீட்டின் முதல் மாடி. படிக்கட்டின் அடியில் மடக்குக் கம்பிக்கதவும் பூட்டும், சாவி பராமரிப்பாளரின் கையில். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டே பெண்கள். அவர்களில் ஒருவர் சமையலறையில். வேன் வந்து ஹாரன் அடித்ததும் மற்றவர் சாவியோடு கீழே இறங்க, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி சின்னப் பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்தாள். சன்னல்கள் அனைத்திலும் கம்பி. பின்வழியை அரிசி மூட்டைகளும் கேஸ் தோம்பும் அடைத்திருந்தன. அந்தப் பெண்கள் அன்பானவர்கள் என்பதையும், என் பேரன் அங்கே வயிறாரச் சாப்பிட்டான் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஆனால் 2017 செப்டம்பர் 14ஆம் தேதி கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளியின் தங்கும் விடுதியில் மூண்ட தீயில், கம்பி போட்ட சன்னல்கள் வழியே தப்ப முடியாமல், பெரும்பாலும் சிறுவர்களான 23 பேர் உயிரிழந்ததை நாம் அதற்குள் மறந்துவிடலாமா? தீயணைப்பு மீட்புப் படையினர் ஒரு முறை வந்து பார்த்திருந்தால் அந்தப் பின்வழி அன்றே திறந்திருக்கும்.

கெடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. மாநில எல்லையைத் தாண்டினால் பினாங்கில் வெள்ளிக்கிழமை வேலை நாள். எனவே அங்கே வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் காலை முதல் மாலை வரை மையத்தில்தான் இருக்கிறார்கள். இரவு ஷிப்டுக்குச் செல்லும் தாய்மார்களின் நிலை இதைவிடக் கடினம். சூரியன் மறைந்தபின் நடக்கும் பராமரிப்பு, சட்டத்தின் பகல் மைய வரையறைக்கே வெளியில் போய்விடுகிறது.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தகுந்த மேற்பார்வையின்றிப் பிள்ளையை விட்டுச் செல்லும் பெற்றோருக்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்க இடமளிக்கிறது. பெற்றோரிடம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் அரசு, நம்பி விடத்தக்க இடங்கள் இன்னின்னவை என்று அவர்களுக்குச் சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறது. நாம் ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில், வசதிகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்பதில் யாருக்கும் ஐயமிருந்ததில்லை. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் தாய் குழந்தையை ஆயாவிடம் விட்டுச் செல்வாள். ஏதேனும் குறையென்றால் தொழிற்சங்கத் தலைவர் நேரே அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிவந்த பிறகு, அப்படிப் போய்க் கேட்க ஓர் இடமில்லாமல் போய்விட்டது.

நான் வேண்டுவது அதிரடிச் சோதனையையும் மூடுவிழாவையும் அல்ல. இருக்கும் மையங்களை மூடினால் பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் தனியே இருக்க நேரும். வீட்டிலேயே ஆறேழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்களும் பாட்டிமார்களும் அஞ்சி ஒதுங்கிவிடக் கூடாது. பத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு வீட்டிலேயே மையம் நடத்த 1984ஆம் ஆண்டுச் சட்டம் தனி வகை வைத்திருப்பதைப்போல, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் எளிய பதிவு முறை ஒன்று வேண்டும். படிவம் நிரப்பவும், முதலுதவிப் பயிற்சி பெறவும் அவர்களுக்கு உதவி தேவை. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பராமரிப்பாளர் எண்ணிக்கை தெளிவாக வகுக்கப்பட வேண்டும். சிறாருக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் இருக்கிறது. பராமரிப்பாளர், சமையற்காரர், வேன் ஓட்டுநர் எவராயினும் அதில் சரிபார்த்த பின்னரே பிள்ளைகளிடம் நெருங்க விட வேண்டும்.

இவற்றில் சில சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கலாம். உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சமூக நல இலாகாவின் பதிவும் தீயணைப்புப் படையின் ஒப்புதலும் இல்லாத மையத்துக்கு, நியாயமான கால அவகாசம் கொடுத்த பின், நகராண்மைக் கழகம் உரிமத்தைப் புதுப்பிக்காமல் இருக்கலாம். பதிவுபெற்ற மையங்களின் பட்டியலை மாவட்டச் சமூக நல அலுவலகம் ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். அதன் கீழே தாலியான் காசே உதவித் தொலைபேசிச் சேவையின் 15999 எண்ணையும் எழுதி வைக்கலாம். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதை மாநில அரசிடம் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேரப்பிள்ளைகளின் தாத்தா ஒருவர்,
பாடாங் செராய், கெடா.