சி.ஆர்.பி. 9 என்று நம்பி வீடு திரும்பினோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாரியில் என் தாயாருக்குக் காலில் முள் குத்திப் புண்ணானது. அவர் சலரோகக்காரர். ஒருநாள் காலை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தொடங்க, இரண்டு மணித்தியாலத்துக்குள் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுத்தோம். தொற்று வந்தால் இரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. அளவு 9. "பயப்பிட ஒண்டுமில்லை" என்றார்கள். நாங்களும் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு அம்மா என்னைப் பார்த்து "நீ ஆர்?" என்று கேட்டார். மூச்சு வாங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவேயில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விடியுமுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செப்சிஸ், அதாவது தொற்றுக்கு எதிராக உடல் கட்டுக்கடங்காமல் எதிர்வினையாற்றி உறுப்புகளையே பாதிக்கும் நிலை. பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார்.

சி.ஆர்.பி. ஈரல் சுரக்கும் புரதம். தொற்றுத் தொடங்கி 6 முதல் 12 மணித்தியாலம் கழிந்துதான் அது இரத்தத்தில் ஏறத் தொடங்கும். உச்சத்தைத் தொட ஒன்றரை, இரண்டு நாளாகும். நாங்கள் போனது அதற்கு முந்தி. இதைப் பிறகு வோட்டில் ஒரு டொக்டர்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். புரோகல்சிற்றோனின் என்ற இன்னொரு இரத்தக் குறிகாட்டி இதைவிட வேகமாக ஏறுமாம். ஆனாலும் அன்ரிபயோட்டிக் தொடங்க அந்தப் பெறுபேற்றைப் பார்த்திருக்க வேண்டாம், எப்போது நிறுத்தலாம் என்று தீர்மானிக்கவே அது உதவும் என்கின்றன 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல்கள். 250க்கு மேற்பட்ட குறிகாட்டிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். செப்சிஸ் உண்டா இல்லையா என்று தனித்து நின்று சொல்லக்கூடியது இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

எங்களுக்கு நம்பிக்கை தந்தது லக்டேட், உடலுக்கு இரத்தவோட்டமும் ஒட்சிசனும் போதாதபோது இரத்தத்தில் கூடும் பொருள். முதலில் 5.1, ஆறு மணித்தியாலத்தில் 3.4, அடுத்தநாள் 1.8. சேலைன் ஏற்றியும், இரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்து கொடுத்தும் அது 2க்கு மேலேயே நின்றால் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் இறந்துபோகிறார்களாம். அந்த இரவு முழுக்க நான் அந்த இலக்கத்தைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி மாரி வருகிறது. 2024 மார்கழியில் எலிக்காய்ச்சல் நம் பகுதியில் எத்தனை வீடுகளை அழவைத்தது என்பது மறக்கக்கூடியதா? அதுவும் முற்றினால் செப்சிஸில் கொண்டுபோய் விடும்.

ஆய்வுகூடங்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ச்சல் தொடங்கிய நேரத்தையும் இரத்தம் எடுத்த நேரத்தையும் றிப்போட்டில் பக்கத்தில் பக்கத்தில் பதியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: காய்ச்சற்காரர் பேச்சுக் குழம்பினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால் றிப்போட் என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வாசகி,
கரவெட்டி.