கடைக்கு முன்னால் முப்பது குர்த்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடைவீட்டுப் படத்தை நேற்று ராத்திரி திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, அதற்கு மேலே உன் பூட்டிக்கின் பெயர்ப் பலகை எப்படி இருக்கும் என்று நீயே வரைந்து வேறு அனுப்பியிருக்கிறாய். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக வீட்டு முன்கூடத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். என் மகள் நம் ஊர் சுங்கை சிப்புட்டில் துணிக்கடை போடுவாள் என்றால் எனக்கு இல்லாத ஆசையா?

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் கட்டாதே. போனில் சொன்னால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வாடகை 1,200 வெள்ளி (ரிங்கிட்) என்கிறாய். இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் சாவி கைக்கு வரவே 4,200 வெள்ளி. அது ஒரு தடவைச் செலவு, எப்படியாவது புரட்டிவிடலாம். எனக்குப் பயமெல்லாம் மாதாமாதம் வருகிறதே, அதில்தான். வாடகை 1,200. கரண்டு ஒரு 200. நீ ஷா ஆலம் வேலையை உடனே விடப் போவதில்லை, அதனால் கடையில் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700. ஆக 3,100. ஒரு குர்த்தியில் உனக்கு 30 வெள்ளி நிற்கும் என்று வைத்துக்கொள். மாதம் 104 குர்த்தி விற்றால்தான் கடை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். உன் கைக்கு அப்போதும் ஒரு காசு வராது. ஞாயிறு கடை இல்லை என்றால் தினமும் நாலு பேர் வாங்க வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் நாலு என்ன, நாற்பது பேர்கூட வருவார்கள். பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், வெயில் கொளுத்தும்போது அந்த நாலு பேர் யார் என்று யோசித்துப் பார்.

அந்த 1,700 இன்னொரு கணக்கையும் சொல்கிறது. நம்மிடம் வருகிறவர்கள் வீட்டிலும் பலருக்கு அதுதான் சம்பளம். 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி. நீ படத்தில் காட்டிய அந்த 189 வெள்ளி செட்டுக்கு ஒருத்தி மூன்று நாள் செம்பனைத் தோட்ட வேலையில் நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு என்றால் வாங்குவாள். பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்கு வாங்க மாட்டாள்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு ஏழு வயது இருக்கும். தைக்க வருகிற பெண்களெல்லாம், "அக்கா, நீங்களே ரெடிமேட் பஞ்சாபி சூட் கொண்டாந்து வைங்க, நாங்க எதுக்கு ஈப்போ போறோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, இருபது பேராவது கேட்டிருப்பார்கள். நானும் நம்பினேன். என் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து 80 செட் எடுத்து வந்தேன். கட்டில் முழுக்கப் பரப்பி வைத்தோம். எல்லாரும் வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், "அழகா இருக்குக்கா" என்றார்கள். காசு கொடுத்து எடுத்தது 11. கடன் சொல்லி எடுத்தது 14, அதில் பாதிக் காசு இன்னும் வரவில்லை. மீதி பீரோவில் கிடந்து மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போனது. சங்கிலி மூழ்கிவிட்டது. நீ மூன்றாம் வகுப்பில் போட்டுக்கொண்டாயே மயில்பச்சைப் பாவாடை, ஓரத்தில் கண்ணாடி வேலை வைத்தது, அது அந்த 80-ல் ஒன்றை வெட்டித் தைத்ததுதான்.

அந்தப் பெண்கள் யாரும் பொய் சொல்லவில்லை பாப்பா. கேட்டபோது அவர்கள் மனசில் வாங்குகிற எண்ணம் இருந்தது. பர்ஸைத் திறக்கிற நேரத்தில்தான் பள்ளிப் பேருந்துக் காசும் மோட்டார் தவணையும் ஞாபகத்துக்கு வரும். இப்போது உன் படத்துக்குக் கீழே முந்நூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறாய். எனக்கு அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

உன் தாத்தா அடிக்கடி ஒன்றைச் சொல்வார். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தோட்டத்து லயன் வீட்டை விட்டு எங்கே போவது என்று ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். 1960-ல் நம் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். நாமே சேர்ந்து தோட்டம் வாங்குவோம் என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். கூட்டத்தில் கை தட்டாதவன் ஒருவனும் இல்லை, ஆனால் பத்து வெள்ளியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோதுதான் இது நடக்கும் என்று எனக்கே நம்பிக்கை வந்தது என்பார் தாத்தா. அவர் கட்டிய ரசீது பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது, அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன். உன் கடைக்கும் அப்படி மேசையில் வைத்த காசு எனக்குத் தெரிய வேண்டும்.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முப்பது உருப்படி எடு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலை உனக்குப் பக்கம்தான், இல்லாவிட்டால் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா. ஒரு குர்த்தி 45 வெள்ளிக்குள் அடங்கினால் முப்பதுக்கு 1,350. இங்கே 79 என்று போடலாம். பை, பஸ் செலவு போக 30 நிற்கும். அந்த 1,350-ல் 500 நான் தருகிறேன், நான் போடுகிற கூட்டுச் சீட்டுப் பணம் அடுத்த மாதம் விழுகிறது. முப்பதும் விற்காமல் நஷ்டமானால்கூட சங்கிலி போகாது.

எதை எடுப்பது என்பதில்தான் நீயும் நானும் மாறுபடுகிறோம். நீ புது டிசைன் என்கிறாய். நான் அளவு என்கிறேன். போன வாரம் ஈப்போ தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளை ஒருத்தி, ஆன்லைனில் 39 வெள்ளிக்கு வாங்கிய குர்த்தியோடு வந்தாள். லேபிளில் எக்ஸ்எல். இடுப்பில் தொளதொள, அக்குளில் கையைத் தூக்க முடியவில்லை. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிரித்து விடத் துணியே இல்லை, ஓரத்தை ஒட்ட ஓவர்லாக் அடித்து முடித்திருக்கிறார்கள். கீழ் மடிப்பிலிருந்து இரண்டு சதுரம் வெட்டி, இரண்டு கைக்கும் அடியில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, கண்ணாடிக்கு முன்னால் கையை மேலே தூக்கி தூக்கி இறக்கினாள். "இப்படி ஒண்ணு கடையிலயே கிடைச்சா நூறு வெள்ளி குடுப்பேன்கா" என்றாள். அதுவும் வெறும் சொல்தான், எனக்குத் தெரியும். ஆனால் நம்மவர்கள் துணி வாங்கும்போது கவனித்திருக்கிறாயா? முன்பக்க வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உள்ளே திருப்பி, பிரிக்கத் துணி விட்டிருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்ப்பார்கள். டிசைன் எல்லாம் அவர்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, ஷோப்பியில் நம்மைவிட மலிவாக. போட்டுப் பார்த்து, இறுக்கினால் சாயங்காலத்துக்குள் பிரித்து, தொளதொளத்தால் பிடித்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. இங்கே நான் இருக்கிறேன்.

அதனால் முப்பதில் பாதி பெரிய அளவாக எடு. எடுக்கிற கடையிலேயே உள்ளே திருப்பிப் பார், ஒரு விரல் அகலமாவது துணி இல்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடு.

இப்போது ஜூன். தீபாவளி நவம்பர் 8. முதல் பதினைந்தை இந்த இரண்டு மாதத்திலேயே விற்றுப் பார்ப்போம். விசேஷம் ஒன்றும் இல்லாத மாதம், அதுதான் நமக்கு வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நம் முன்கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிடுவோம். அப்புறம் ஒரு வாரம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் மேசை போடலாம், அதற்கு மஜ்லிஸில் (நகராண்மைக் கழகத்தில்) லைசென்ஸ் கேட்க வேண்டும், அப்பா போய் விசாரிக்கிறேன் என்கிறார். மீதிப் பதினைந்து தீபாவளிக்கு. அப்போது விற்பதை மட்டும் வைத்துக் கடையை முடிவு பண்ணாதே, தீபாவளிக்கு யார் வைத்தாலும் விற்கும்.

கையில் இல்லாத அளவை யாராவது கேட்டால், "வரவழைத்துத் தருகிறேன், 20 வெள்ளி முன்பணம் கொடுங்கள்" என்று சொல். கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் அன்றைக்கு அந்தக் கூச்சம்தான், அதனால்தான் சங்கிலி போச்சு. கொடுத்தவர்களை ஒரு ஏட்டில் எழுது, "பிறகு பார்க்கலாம்" என்றவர்களை இன்னொரு பக்கத்தில் எழுது. கடன் கேட்டால் உன் சித்தியாக இருந்தாலும் இந்த முறை இல்லை. விலையைக் குறைத்து விற்றதைத் தனியாகக் குறி. முக்கியமாக, ஒரு தடவை வாங்கியவள் அதே மாதம் திரும்பி வந்தாளா, கூட யாரையாவது அழைத்து வந்தாளா என்று பார். முப்பதில் குறைந்தது இருபத்திரண்டு முழு விலைக்குப் போய், ஐந்து பேராவது திரும்ப வந்தால் நானே உன்னோடு வந்து வீட்டுக்காரரிடம் சாவி வாங்குகிறேன். இதற்குக் கீழே என்றால் என்ன செய்வது என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம். எண்ணை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன், பிறகு நம் ஆசைக்கு ஏற்றமாதிரி நாமே மாற்றிக்கொள்ளக் கூடாது.

எஸ்எஸ்எம்மில் (கம்பெனி ஆணையத்தில்) வியாபாரத்தைப் பதிவதை மட்டும் தள்ளிப் போடாதே. வியாபாரம் ஆரம்பித்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, நீ வைத்திருக்கும் அந்த அழகான பெயரில் என்றால் 60. அந்த அறுபது வெள்ளியை நான் சந்தோஷமாகக் கட்டுகிறேன்.

அந்தக் கடைவீடு கை நழுவிப் போய்விடும் என்று பயப்படாதே. மூன்று தீபாவளியாக அது மூடித்தான் கிடக்கிறது. தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறவள் நான், எனக்குத் தெரியும்.

பழைய பீரோவின் ஆளுயரக் கண்ணாடியை அப்பா நேற்றே கழற்றி, செய்தித்தாள் போட்டுத் துடைத்து, முன்கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். ஒரு மூலையில் மட்டும் ரசம் போயிருக்கிறது, அந்தப் பக்கம் திரைச்சீலை விட்டால் தெரியாது. நீ வரும்போது பெரிய அளவு ஹேங்கர் ஒரு முப்பது வாங்கி வா, இங்கே சின்னதுதான் கிடைக்கிறது.

அன்புடன்,
அம்மா