கிடை அமைத்துத் தந்த கீதாரி ஐயாவுக்கு நன்றி

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்தில் நடந்த ஆடு வளர்ப்பு மரபு விழாவுக்காக, தம்முடைய இரண்டு செம்மறிகளையும் பிறந்து சில நாள்களே ஆன குட்டியையும் கொண்டு வந்து, பெயரைக்கூடச் சொல்லாமல் மந்தைக்குத் திரும்பிவிட்ட, ஊர் ஊராக ஆட்டு மந்தையை ஓட்டிச் சென்று மேய்க்கும் கீதாரி ஐயாவுக்கு இல்லத்தின் சார்பில் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

வேம்பூர் ஆட்டின் செம்புள்ளிகளையும், கீழக்கரிசல் ஆட்டின் கருத்த அடிவயிற்றையும், சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டின் பழுப்பு நிறத்தையும் படத்தில் பார்த்து இனம் சொல்லும் போட்டியை மட்டுமே நாங்கள் திட்டமிட்டிருந்தோம். ஐயாவோ முற்றத்தில் படல் எனும் தட்டிகளை நட்டு, வயலில் ஆடுகளை இரவில் அடைத்து வைக்கும் கிடையையே சிறிய அளவில் அமைத்துவிட்டார். அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் ஆடுகளை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேரடியாக மண்ணில் சேர்வதையும், உரம் எங்கும் பரவலாகக் கிடைக்கும்படி மறுநாள் கிடையை இடம் மாற்றிப் போடுவதையும், அதற்காக நிலக்காரர்கள் நெல்லோ பணமோ கொடுப்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். உரமூட்டைகளை மட்டுமே பார்த்து வளர்ந்த எங்கள் இளம் பணியாளர்கள் அவசியம் கேட்டிருக்க வேண்டிய விளக்கம் அது.

இளமையில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே பெட்டையாட்டின் கீழுதட்டை இரு விரல்களால் மெல்ல விலக்கிப் பார்த்து, "நாலு பல்லு போட்டிருக்கு, ரெண்டு வயசு இருக்கும்" என்றார். "சரியாச் சொன்னீங்கண்ணே" என்ற கீதாரி ஐயா, குட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். அதன் பிறகு மாலை வரை மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியவர் அந்தப் பெரியவர்தான்.

வண்டிச் செலவுக்கென நாங்கள் நீட்டிய பணத்தையும் ஐயா வாங்க மறுத்துவிட்டார். அவரது கிடை தங்கள் வயலில் இறங்கியிருந்தால், வரும் பொங்கலுக்கு எங்கள் இல்லத்துப் பெரியவர்கள் அவரை விருந்தினராக எதிர்பார்க்கிறார்கள் என்ற செய்தியை அவரிடம் சேர்த்துவிடுமாறு இதைப் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.