காபட் போடுமுன் கையெழுத்திட வேண்டியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிதாகக் காபட் (சூடான தார்க் கலவைப் படை) போட்ட வீதியைத் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டுவதும், முதல் மாரியிலேயே ஓரம் தாழ்ந்துபோவதும் திருகோணமலையில் யாருக்கும் புதினமில்லை. பழி ஒப்பந்தகாரர் மேல் விழுகிறது. சில வேளை அது நியாயமும்தான். ஆனால் திட்ட முகாமையாளரும் அவரோடு நிற்கும் பொறியியல் அணியும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வீதி எத்தனை காலம் நிற்கும் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

முதலில் நாட்காட்டி. வாடை மழை பிடித்துவிட்டால் ஜனவரி வரை மண் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். மீதி மாதங்களும் முழுதாகக் கையில் வருவதில்லை. தம்பலகாமம் பக்கம் ஒரு மதகைத் திருப்பிக் கட்டுவதானால், பெரும்போக அறுவடைக்கும் சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருவதற்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களே உண்டு. அதற்குள் பழையதை உடைத்து, அடித்தளம் போட்டு, சுவர் எழுப்பி, மேற்தட்டு வார்க்க வேண்டும். தட்டின் கீழ் முட்டு இரண்டு வாரமாவது நிற்க வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் ஜனவரியிலேயே திகதி கேட்டு வைக்காதவர் ஏப்ரலில் கமக்காரரோடு மல்லுக்கட்டுவார். இதற்கு நல்ல வழி, பெட்டி மதகின் துண்டுகளை மாரியில் கூரைக்குக் கீழ் வார்த்து முற்றவைத்து, கோடையில் கிரேனால் இறக்குவது. நகருக்குள் என்றால் சிவராத்திரியை அடுத்து கோணேசர் நகர்வலம் வரும் வீதிகளைக் கிண்டிப் போட முடியாது. நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் பருவமும் காபட் போடக்கூடிய கோடையும் ஒன்றாகவே வருகின்றன. இதெல்லாம் வேலைத் திட்டத்தில் முதல் நாளே எழுதப்பட வேண்டியவை.

அடுத்தது நிலத்துக்குக் கீழே கிடப்பவை. தண்ணீர்க் குழாய், தொலைபேசிக் கேபிள், ஓரத்தில் மின்கம்பம். இவற்றை நகர்த்த அந்தந்த நிறுவனம் மதிப்பீடு தர வேண்டும், பணம் கட்ட வேண்டும், அவர்களுடைய ஆட்கள் வர வேண்டும். இதற்கு மாதக்கணக்கு எடுக்கும். ஆகவே வரைபடத்தோடு கடிதம் போக வேண்டியது கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பு. பழைய வரைபடத்தை நம்பி பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரத்தை) இறக்கினால் குழாய் உடையும். 100 மீற்றருக்கு ஒரு சோதனைக் குழியாவது கையால் வெட்டிப் பார்ப்பது மலிவு. பிறகு வரும் வீட்டு இணைப்புகளுக்காக வீதிக்குக் குறுக்கே 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய்களை வெறுமையாகப் புதைத்து, இரு முனையும் அடைத்து, ஓரக்கல்லில் அடையாளம் போட்டு விடலாம். செலவு அற்பம். இதைச் செய்யாத வீதிதான் ஆறு மாதத்தில் வெட்டப்படுகிறது. வெட்டிய ஒடுங்கிய பள்ளத்துக்குள் றோலர் இறங்காது. 15 சென்ரிமீற்றர் படையாக மண் போட்டுக் கைமெசினால் இடிக்கவும் ஆள் நிற்பதில்லை. ஒரு மழையோடு அந்தக் கோடு முழுவதும் தாழ்ந்துவிடும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். காபட்டுக்குக் கீழுள்ள ஏபிசி படையின் (உடைத்த கல்லும் கல்தூளும் கலந்த படை) இறுக்கம், ஆய்வுகூடத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியின் 98 வீதம் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பது மண் ஆய்வுகூட உதவியாளர். இறுகிய படையில் குழி தோண்டி, எடுத்த மண்ணை ஒரு துகள் சிந்தாமல் நிறுத்து, அதே குழியை அளந்த மணலால் நிரப்பி, ஈரப்பதனும் எடுத்துக் கணக்குப் பார்ப்பார். வறண்ட கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் இந்த எண் அடிக்கடி 95, 96 என்று நிற்கும். பவுசர் தண்ணீர் தெளித்து றோலர் வருவதற்குள் மேற்பரப்பு காய்ந்துவிடுவதே காரணம். அந்த மாதங்களில், நன்றாக இறுகுவதற்கு உகந்த ஈரப்பதனுக்கு ஒன்றிரண்டு வீதம் கூடுதலாகத் தெளித்து, குறுகிய நீளமாகப் பிரித்து உருட்ட வேண்டும். காபட் ஒட்டுவதற்காக ஏபிசி மேல் பிரைம் என்ற தார்த் திரவத்தைத் தெளித்த பின் அதே காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். கூட்டித் துடைக்காமல் மேலே போட்டால் காபட் ஒட்டாது, பிரேக் பிடிக்கும் இடங்களில் வழுக்கி மடியும்.

96 என்ற எண் வருகிறது. அதே நேரம் தார்க் கலவை ஏற்றிய லொறிகள் புறப்பட்டுவிட்டன. ஒரு வழித்தடம் 3.5 மீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் தடிப்பு, 100 மீற்றர் நீளம் என்றால் ஏறக்குறைய 42 தொன். திருப்பி அனுப்பினால் ஆறிப் பயனற்றுப் போகும். இந்த வேளையில் மாதச் சம்பளம் வாங்கும் ஓர் இளம் உதவியாளர், ‘சேர், இது சரிவரவில்லை’ என்று வாய் திறப்பாரா? பிந்தினால் முகாமையாளர் எரிந்து விழுவார் என்று தெரிந்தால் திறக்கமாட்டார். பதிவில் எண் 98 ஆகிவிடும். முகாமையாளர் தன் பொறியியல் அணிக்குத் தரும் ஆதரவை நாம் இந்த இடத்தில் வைத்தே அளக்கிறோம். ஆண்டிறுதி விருந்தும் ரீசேட்டும் இருக்கட்டும்.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. ஒப்பந்தகாரர் பரிசோதனைக் கோரிக்கைப் படிவத்தை முந்திய நாளே தர வேண்டும். நில அளவையாளர் மட்டத்தையும், ஆய்வுகூடம் இறுக்கத்தையும், தொழினுட்ப உத்தியோகத்தர் ஓரத்தையும் வடிகானையும் பார்த்து ஒப்பமிட்ட பிறகே கலவைக்கு ஓடர் போக வேண்டும். நடைமுறையில் பல சைற்றுகளில் இந்தப் படிவங்கள் மாத முடிவில், பில் போகும் கிழமையில், ஒரே பேனையால் மொத்தமாக நிரப்பப்படுகின்றன. பில்லுக்காக வேலையை அளக்கும் கணிய அளவையாளரும் மூடிய படையை அளக்க முடியாமல் வரைபடத்தைப் பார்த்துத் தடிப்பு எழுதுகிறார்.

ஒப்பமிடுபவர் ஓரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 வீதச் சரிவு என்றால் 3.5 மீற்றரில் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர். அது சரியாக இருந்தும், புல்லும் மண்ணும் சேர்ந்து வீதியோரம் காபட்டை விட உயர்ந்திருந்தால் தண்ணீர் வெளியேறாது. அடியில் ஊறி ஓரத்தைத் தின்னும். உப்புவெளி, நிலாவெளி மணலில் இன்னும் மோசம், கானுக்கு வழி விடாவிட்டால் மழைநீர் ஓரத்து மணலையே வாரிக்கொண்டு போகும்.

முகாமையாளருக்கும் மேலிருந்து நெருக்கடி உண்டு என்பதை மறுக்கவில்லை. திறப்புவிழாத் திகதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடைக்கச் சொல்கிறார்கள். பில் மாதக்கணக்கில் கிடந்தால் ஒப்பந்தகாரர் றோலரை வேறு சைற்றுக்கு அனுப்பிவிடுகிறார். இந்த நெருக்கடியைத் தன்னோடு நிறுத்திக்கொள்வதும், பிந்துமானால் காரணத்தோடு எழுத்தில் மேலே அறிவிப்பதும் முகாமையாளரின் வேலை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் வீதி பற்றிப் பேசும்போது எத்தனை கிலோமீற்றர் முடிந்தது என்பதோடு இரண்டு தாள்களையும் கேட்குமாறு மக்கள் பிரதிநிதிகளை வேண்டுகிறோம். ஒன்று, இனி வெட்ட வேண்டிய தேவையில்லை என்று நீர், மின்சார, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் காபட்டுக்கு முன் ஒப்பமிட்ட தாள். மற்றது, திகதியோடு கூடிய இறுக்கப் பரிசோதனைப் பதிவு. அந்தப் பதிவில் எல்லாமே சரி என்று இருந்தால் இன்னொரு தடவை கேளுங்கள். ஒரு பரிசோதனையில்கூடத் தோற்காமல் கச்சான் காலத்தில் கட்டிய வீதி இந்த மாவட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இங்ஙனம்,
வீதிப் பொறியியல் துறையில் பணிபுரிவோர் சிலர்,
திருகோணமலை.