அவரை மட்டும் ஏன் கேட்டான்?

அன்புள்ள வசந்தி,

இங்கே பிரிட்டனில் எல்லோரும் நலம். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மூர்த்தி அண்ணன் இன்னும் அந்தக் குடையைத் திருப்பித் தரவில்லையாமே? விடாதே, கேட்டு வாங்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் சங்கக் கிளைக் கூட்டம். காசா ஊர்வலத்துக்கு யார் யார் வருவது, பதாகையை யார் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனே, கிழக்கு லண்டன் யூதக் குடும்பத்தவர். அவருடைய அப்பா 1936 அக்டோபர் 4 அன்று கிழக்கு லண்டனின் கேபிள் தெருவில், பிரிட்டிஷ் பாசிஸ்டுத் தலைவர் மோஸ்லியின் ஆட்களை மறித்து நின்ற கூட்டத்தில் ஒருவர். "பதாகையின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன்" என்று அந்த அம்மா கையைத் தூக்கினார். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், "அதற்கு முன்னால் இஸ்ரேலைப் பற்றி உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள்" என்றான். அறையில் இருந்த வேறு யாரையும் அவன் அப்படிக் கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் இந்தியாவில் பிறந்தவள். காஷ்மீரைப் பற்றி என் நிலைப்பாட்டை எப்போது கேட்கப் போகிறாய்?" என்றேன். "அது வேறு, இது வேறு" என்றான். எப்படி வேறு என்று அவனால் சொல்ல முடியவில்லை. தலைவர் அவசரமாக அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அந்த அம்மா தன் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினார். ஊர்வலத்துக்கு வரவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "பாலஸ்தீனத்துக்காகப் பேசுகிறவர்களின் வாயை அடைக்கத்தான் யூத வெறுப்பு என்ற இந்தக் குற்றச்சாட்டு" என்பாய். அப்படியும் நடக்கிறதுதான், எத்தனையோ பேரை அப்படி மிரட்டியிருக்கிறார்கள். இங்குள்ள தொழிலாளர் கட்சி பற்றி 2022இல் வந்த ஃபோர்டு அறிக்கையே, கட்சிக்குள் இருந்த இரண்டு கோஷ்டியும் இந்தப் பிரச்சினையை ஆயுதமாக்கிக்கொண்டன என்றது. ஆனால் ஆயுதமாக்கினார்கள் என்பதற்காகப் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடுமா? 2020 அக்டோபரில் சமத்துவ, மனித உரிமை ஆணையம் அந்தக் கட்சி சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது. யூத வெறுப்புப் புகார் விசாரணைகளில் அப்போதைய தலைவர் ஜெரமி கார்பினின் அலுவலகம் தலையிட்டிருந்தது, கட்சிப் பொறுப்பில் இருந்தவர்களே யூத உறுப்பினர்களைத் தொல்லைப்படுத்தியிருந்தார்கள். அறிக்கை வந்த அன்றைக்கே கார்பின், பிரச்சினை அரசியல் காரணங்களுக்காக மிகவும் ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்றார். நான் கார்பினுக்கு ஓட்டுப் போட்டவள், வீடு, ரயில் பற்றி அவர் பேசியதற்காக இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்று அவர் சொல்லியிருக்க வேண்டியது அதுவல்ல.

கார்பினைச் சிக்கலில் மாட்டிவிட்ட அந்தச் சுவரோவியத்தை நீ பார்த்ததில்லை இல்லையா? 2012இல் கிழக்கு லண்டனில் பிரிக் லேன் பக்கம் ஒரு சுவரில் இருந்தது. யூதர்களைக் கேலி செய்ய வரைவார்களே, அதே பெரிய மூக்கு வைத்த கிழவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பணக்கட்டு வைத்து விளையாடுகிறார்கள், குனிந்து கிடக்கும் மனிதர்களின் முதுகுதான் அவர்களுக்கு மேசை. அதை அழிக்கப் போகிறார்கள் என்றதும் கார்பின் ஃபேஸ்புக்கில் "ஏன்?" என்று கேட்டு ஓவியருக்கு ஆதரவாக எழுதினார். 2018இல் அது வெளியே வந்தபோது, படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். அவர் சொன்னதை நம்புகிறேன். என்னைப் பயமுறுத்துவதும் அதுதான். முதலாளித்துவம் ஒரு அமைப்பு, நாலு கெட்டவர்களின் சதி இல்லை என்று மூர்த்தி அண்ணன் மொட்டைமாடியில் நமக்கு எத்தனை தடவை வகுப்பெடுத்தார்! அதை நாலு மூக்காக வரைந்துவிட்டால் அப்புறம் மார்க்ஸ் எதற்கு? இடதுசாரிக் கண்ணுக்கு அது படவில்லை என்றால், இனவெறி வலதுசாரிகளின் வியாதி, நமக்கு வராது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

போலந்தில் 1968இல் கம்யூனிஸ்ட் தலைவர் கொமுல்காவின் அரசு, சியோனிச (யூதர்களுக்குத் தனி நாடு என்ற கொள்கை) எதிர்ப்பு என்ற பெயரில் யூதப் பேராசிரியர்களையும் ராணுவ அதிகாரிகளையும் வேலையை விட்டுத் துரத்தியது. 13,000க்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டே போனார்கள். அதில் ஹிட்லரிடமிருந்து தப்பியவர்கள் உண்டு, வாழ்நாள் முழுக்கக் கம்யூனிஸ்டாக இருந்தவர்களும் உண்டு. இதெல்லாம் நம் படிப்பு வட்டத்தில் ஏன் வரவே இல்லை, வசந்தி?

காசாவில் நடப்பதைக் கண்டிக்க யாரிடமும் நான் அனுமதி கேட்க மாட்டேன். அடுத்த ஊர்வலத்துக்கும் போவேன். ஆனால் 2025 அக்டோபர் 2, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று மான்செஸ்டர் ஜெப ஆலயத் தாக்குதலில் இருவர் செத்த பிறகு, தன் பேத்தி யூதச் சின்னம் தொங்கும் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள் என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். நெதன்யாகுவின் குண்டுக்கு அந்தப் பெண் எப்படிப் பொறுப்பு?

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்: எந்த உறுப்பினரிடமும் அவருடைய பிறப்பையோ மதத்தையோ வைத்து ஒரு நாட்டைப் பற்றிக் கணக்குக் கேட்கக் கூடாது. எதிர்ப்பு வரும், வரட்டும். வரைவை இதோடு வைத்திருக்கிறேன். உன் சிவப்புப் பேனாவை எடு, தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
சரோஜா