எங்கள் ஹாக்கிப் பையன்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் பள்ளியின் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்து நம் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆண்கள் ஹாக்கி அணி இந்தக் கல்வியாண்டில் குறுவட்டத்தில், அதாவது பக்கத்துப் பள்ளிகள் மோதும் முதல் கட்டப் போட்டியில், முதலிடம் வந்தது. மாவட்ட இறுதி ஆட்டம் வரை போனது. பொங்கல் கழிந்து வெளி மாவட்டத்தில் பள்ளி அணிகளுக்காக நடந்த போட்டி ஒன்றில் அரையிறுதி ஆடியது. போன வருஷம் குறுவட்டத்தின் முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிய அதே பையன்கள்தான். உடற்கல்வி ஆசிரியர் என்பதால் பாராட்டெல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. அது சேர வேண்டியவர்கள் வேறு. பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதலில் டிராக்டர் தம்பி. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மைதானம் வெடித்துக் கிடந்தது. நம் பக்கத்துக் களிமண் கோடையில் எப்படி வெடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்து வெடிப்பில் விழுந்தால் நின்றுவிடும், பையன் கால் விழுந்தால் சுளுக்கிக்கொள்ளும். மேட்டூர் தண்ணீர் வருகிறது, குறுவைக்கு உழவு ஓட்ட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கொடுத்து, உழுது, பரம்படித்து, மட்டமாக்கிக் கொடுத்தார். டீசல் காசு வாங்கவில்லை. நெருஞ்சி பொறுக்கியது பையன்களும் அவர்கள் அம்மாக்களும்.

வெல்டிங் பட்டறைக்காரர் கோல் போஸ்ட் செய்து தந்தார். அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர் என்று அளவு மட்டும்தான் கொடுத்தேன். அவரே விசாரித்துக்கொண்டு, பின்பக்கம் அடியில் 46 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை வேண்டுமாமே என்று கேட்டு, அதையும் பொருத்திவிட்டுப் போனார். அதுவரை வலை மட்டும் கட்டிய மூங்கில் கம்புகளுக்கு நடுவில் அடித்த பையன்கள், பந்து பலகையில் பட்டு எழும் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இருட்டும்வரை வீட்டுக்குப் போகாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நம் ஆசாரி. இவரைப் பற்றி ஒரு வரியில் எழுதினால் எனக்கு மனசு ஆறாது. எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் பழைய மர ஸ்டிக்குகள், தலைப்பகுதியில் விரிசல் விட்டவை. புதிதாக வாங்க வழியில்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, விரிசலுக்குள் இருந்த மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்து, பசை விட்டு, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க வைத்தார். மறுநாள் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே மறுபடியும் பசை பூசி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். கட்டு தடித்துவிடக் கூடாது. சுற்றிய கட்டோடு சேர்த்து ஸ்டிக் 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது ஹாக்கி விதி. இதைக் கேட்டதும் அவர் அதே அளவில் ஒரு வளையம் செய்து பட்டறை ஆணியில் மாட்டிவிட்டார். அதற்குள் நுழையாத ஒரு ஸ்டிக்கும் அவர் பட்டறையை விட்டு வெளியே வரவில்லை. வெளி மாவட்டப் போட்டியில் நடுவர் எங்கள் ஸ்டிக்குகளைச் சோதித்தபோது ஒன்றையும் ஒதுக்கவில்லை.

சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் கோல்கீப்பருக்கு முழுத் தொகுப்பும் வாங்கிக் கொடுத்தார்கள்: ஹெல்மெட், மார்புக் கவசம், கால் பேடு, பாதத்தை மூடும் கிக்கர், கையுறை. அதற்கு முன் எங்கள் கோல்கீப்பர் கிரிக்கெட் பேடு கட்டிக்கொண்டு நின்றவன். பந்துக்கு ஒதுங்கிக்கொண்டிருந்த பையன், பேடு வந்த வாரத்திலேயே முன்னால் ஏறி வந்து கோணத்தை அடைக்கத் தொடங்கினான். தம்பிகளே, நீங்கள் அனுப்பியது பணம் என்றாலும் அவனுக்கு வந்து சேர்ந்தது தைரியம்.

நெல் காயவைக்கும் ஊராட்சி உலர்களத்தைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஐப்பசி பிறந்தால் நம் பள்ளி மைதானம் குளம். ஒவ்வொரு வருஷமும் மார்கழி வரை ஸ்டிக்குகள் அறையில் பூட்டிக் கிடக்கும், பழகியதெல்லாம் மறந்துபோகும். இந்த வருஷம் குறுவை நெல் அள்ளி முடிந்ததும், களம் சும்மாதானே கிடக்கிறது, வந்து பழகுங்கள் என்று ஊராட்சியில் சொன்னார்கள். விவசாயிகளும் சரி என்றார்கள். சிமெண்ட் தரையில் ஓடினால் வழுக்கும், அதனால் ஓட்டம் கிடையாது. நின்ற இடத்தில் தள்ளுவது, நிறுத்துவது, இவ்வளவுதான் பயிற்சி. மண் தரையில் பந்து குதித்துக் குதித்து வரும், வேகம் குறைந்து வரும். அதனால் நம் பையன்கள் நிமிர்ந்து நின்றபடியே பந்தை வாங்கிப் பழகிவிட்டார்கள். ஈரச் சிமெண்டில் அது நடக்காது. பந்து சறுக்கிக்கொண்டு காலுக்கடியில் போய்விடும். முட்டியை மடக்கி, இடது கையை முன்னே கொண்டுபோய், ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்தால்தான் நிற்கும். பெரிய போட்டிகள் நடக்கும் டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ஆடுவார்கள். அங்கேயும் பந்து ஏறக்குறைய இதே போலத்தான் வரும். நம் பையன்கள் புல்தரையைக் கண்ணால் பார்க்கும் முன்பே அதற்குத் தயாரானது நெல் காயவைக்கும் களத்தில்தான்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை கொட்டி, சம்பாப் பயிர் தண்ணீரில் நின்ற நாட்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வீடு கவலை. அந்த வாரத்தில் பயிற்சி வேண்டாம் என்று நானே நிறுத்தியிருந்தேன். பயிர் மூழ்கிய ஒரு தகப்பனார் மகனோடு வந்து நின்றார். “தண்ணி வடியுறவரைக்கும் வயல்ல இவனுக்கு வேலை இல்ல சார். வீட்டுல உக்காந்து எங்க மூஞ்சியப் பாக்குறதுக்கு இங்க ஆடட்டும்” என்றார். அந்தச் சொல்லுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதே சமயத்தில்தான் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. கணினி ஆசிரியை பள்ளி நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், ஹைடெக் லேபில் வெண்கலப் பதக்க ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா கடைசிக் கால்பகுதியில் 4 கோல் அடித்து வென்றதைப் பையன்கள் பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே பார்த்தார்கள். கார்த்தி செல்வத்தைப் பற்றியும் அன்றுதான் பேசினோம். அரியலூர்க்காரர், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம்தான். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகி, 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தவர். “அரியலூரா சார்?” என்று ஒருவன் இரண்டு தடவை கேட்டான்.

தலைமையாசிரியை, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களை அணியிலிருந்து எடுக்கச் சொல்லி வந்தவர்களிடம் தாமே பொறுப்பேற்றுக்கொண்டார். இயற்பியல் ஆசிரியர் மாலைச் சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். மகளிர் குழுவினர் முறை வைத்துச் சுண்டலும் கேழ்வரகுக் கூழும் கொண்டுவந்தார்கள். வெறும் வயிற்றில் ஓடும் பையனுக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது. அதை என்னைவிட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அந்த அரையிறுதி ஆட்டத்தை நேரில் பார்க்க முடியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எதிரணியின் தவறுக்காகக் கோல் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பான பெனால்டி கார்னர் நமக்குக் கிடைத்தது. பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளியவன் முழு பலத்தோடு தள்ளிவிட்டான். ‘டி’க்கு, அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டத்துக்கு, வெளியே பந்தை நிறுத்த வேண்டியவன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். ஹாக்கியில் இடக்கை ஸ்டிக் என்று ஒன்று கிடையாது, எல்லோருக்கும் ஒரே பக்கம்தான். அவன் வருஷம் முழுக்க எல்லோரையும்விட அதிகமாக உழைத்தவன். பந்து புல்தரையில் சீறி வந்தது. முட்டி மடங்கி, ஸ்டிக் தரையில் படிய, பந்து அசையாமல் நின்றது. அடுத்தவன் உள்ளே இழுத்து வலது மூலைக்குத் தள்ளினான். பலகைச் சத்தம் கேட்டது. கடைசியில் 2-1 என்று தோற்றோம், எதிரணி நம்மைவிடத் தேர்ந்த அணி. ஆனால் அந்த ஸ்டாப்பை எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் வந்து தனியாகக் கேட்டார், எந்த டர்ஃபில் பழக்குகிறீர்கள் என்று.

தை மாதம் சம்பா அறுப்பு வந்ததும் களத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தூறல் விழுந்தபோது நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடப் பையன்கள் தாமாகவே ஓடினார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை.

இனி கணக்கு. வந்த நன்கொடை, செலவு, ரசீதுகள் எல்லாம் தலைமையாசிரியை அறைக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். மீதமிருந்த தொகைக்குப் பந்துகளும், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டுகளும் வாங்கி வைத்திருக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் இந்த வருஷத்தோடு விடைபெறுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பொடியன்கள் இப்போதே மாலையில் வந்து நிற்கிறார்கள், அவர்கள் உயரத்துக்குச் சின்ன ஸ்டிக் வேண்டும். ஆசாரி, உடைந்த பழைய ஸ்டிக்குகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அறுத்துக் குட்டையாக்கித் தருகிறாராம். மைதானத்தின் தென்பக்கம் மழையில் மறுபடியும் தாழ்ந்திருக்கிறது. அதற்கும் டிராக்டர் தம்பி சித்திரையில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் எல்லோருக்கும் அணியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்